உள்ளமைப்பும் உடன்பாடும்: மென்பொருட் பதிப்பிலக்கங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மென்பொருள் ஒருமுறை ஆக்கப்பட்டபின் அவ்வாறே நிலைத்துவிடும் பொருளன்று. ஆக்கியோர் அதன் உள்ளியக்கத்தைக் காலத்துக்குக் காலம் திருத்துகின்றனர், விரைவாக்குகின்றனர், சிலவேளைகளில் முற்றாக மாற்றியமைக்கின்றனர். ஆயின், அம்மென்பொருளின் சேவையை நம்பி வேறு செய்நிரல்களை எழுதியோர் அதன் உள்ளியக்கத்தை அறியார். இன்னது கொடுத்தால் இன்னது கிடைக்கும் என்னும் உடன்பாட்டை மட்டுமே அவர்கள் அறிவர். உள்ளியக்கம் மாறுமிடத்து உடன்பாடும் மாறியதாகக் கொள்ளவேண்டுமா? புதிய பதிப்பிலக்கம் இடவேண்டுமா? இவை தொழினுட்ப வினாக்கள் மட்டுமல்ல. மாற்றத்தின் சுமையை யார் தாங்குவது என்னும் வினாவும் இவற்றுள் அடங்கியுள்ளது. கடந்த அறுபது ஆண்டுகளில் அவ்வினா எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதன் தொடக்கத்தை வன்பொருள் வரலாற்றிலேயே காண்கிறோம். ஐ.பி.எம். நிறுவனம் 1960களின் முற்பகுதியில் ஒன்றோடொன்று இசையாத பல கணினி வரிசைகளை விற்றுவந்தது. ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய நிறுவனம் தன் செய்நிரல்களை மீள எழுதவேண்டியிருந்தது. 1964 ஏப்ரல் 7ஆம் திகதி அறிவிக்கப்பட்ட சிஸ்ரம்/360 இந்நிலையை மாற்ற முனைந்தது. அதன் வடிவமைப்பாளரான ஆம்டால், பிளாவ், புறூக்ஸ் ஆகியோர், செய்நிரலருக்குப் புலப்படும் பண்புகள் வேறு, அவற்றை நிறைவேற்றும் உள்ளமைப்பு வேறு எனத் தெளிவாகப் பிரித்தனர். சிறிய மாதிரிகளில் அறிவுறுத்தல்கள் நுண்செய்நிரலால் நிறைவேற்றப்பட்டன. 75ஆம் மாதிரியிலோ அவை நேரடியாகச் சுற்றுக்களால் நிறைவேற்றப்பட்டன. உள்ளமைப்பு வேறுபட்டபோதும் செய்நிரலர் கண்ட உடன்பாடு ஒன்றேயாகும்.

எனினும், எழுதிய உடன்பாடு முழு உடன்பாடாகாது என்பதும் அக்காலத்திலேயே வெளிப்பட்டது. 1959இல் வெளிவந்த 1401 என்னும் கணினிக்கு எழுதப்பட்ட செய்நிரல்களைப் புதிய இயந்திரத்திலும் இயக்க முயன்றபோது ஒரு விந்தை புலனாயிற்று. செல்லுபடியாகாதவை எனக் கருதப்பட்ட செயல்களின் பக்கவிளைவுகள் முப்பது, பரந்த வழக்கில் இருந்தன. அவற்றையும் இயந்திரத்தின் வரைவிலக்கணத்தில் அடங்கியவையாகவே கொள்ள நேர்ந்தது என 1975இல் வெளியிட்ட தமது நூலில் புறூக்ஸ் குறிப்பிடுகின்றார். ஏட்டில் இல்லாதது வழக்கினால் உடன்பாடாயிற்று என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

இதற்கிடையே, 1972இல் டேவிட் பார்னாஸ் வெளியிட்ட கட்டுரை மென்பொருளைப் பகுதிகளாகப் பிரிப்பதற்கு ஒரு நெறியை வகுத்தது. எதிர்காலத்தில் மாறக்கூடிய தீர்மானம் ஒவ்வொன்றும் ஒரு பகுதிக்குள் மறைக்கப்படவேண்டும். ஏனைய பகுதிகள் அதனை அறியத்தேவையில்லை என்பதே அந்நெறி. உள்ளியக்கத்தை அச்சமின்றி மாற்றும் உரிமையை ஆக்கியோனுக்கு அது வழங்கியது எனலாம். ஆயின், மறைக்கப்பட்டதன் சாயலைப் பயனர் தம் அனுபவத்தால் உணர்ந்து, தம்மை அறியாமலே அதனைச் சார்ந்துவிடுவர் என்ற 1401இன் பாடம் அதனால் நீங்கிவிடவில்லை.

2010ஆம் ஆண்டின் நிகழ்வொன்று இதற்குச் சான்று. லைனக்ஸ் முறைமைகளிற் பயன்படும் குனூ சி நூலகத்தில் மெம்கொப்பி என்றொரு செயற்பாடு உண்டு. நினைவகத்தின் ஓரிடத்திலுள்ள தரவை வேறோரிடத்திற் பிரதிசெய்வது அதன் பணி. இரண்டு இடங்களும் ஒன்றன்மீதொன்று படியுமாயின் விளைவுக்கு உத்தரவாதமில்லை என்பது சி மொழியின் நியமம். விரைவு கருதி அதன் உள்ளியக்கம் மாற்றப்பட்டபோது, சில செயலிகளிற் பிரதிசெய்யும் திசை தலைகீழாயிற்று. பெடோறா 14 முறைமையில் பிளாஷ் மென்பொருளின் ஒலி சிதைந்தது. தவறு நியமத்தை மீறிய செய்நிரலுடையது என ஒருசாரார் கூறினர். இயங்கிக்கொண்டிருந்தது இயங்காமற்போவதே பயனருக்குக் குறை என லினஸ் ரோவால்ட்ஸ் வாதிட்டார். 2011இல் வெளிவந்த 2.14ஆம் பதிப்பு இதற்கு வழி கண்டது. புதிய நடத்தைக்குப் புதிய பதிப்பு அடையாளம் இடப்பட்டது. பழைய அடையாளத்தைக் கோரும் செய்நிரல்களுக்குப் படிவினாற் பழுதுறாத பிரதியாக்கமே வழங்கப்பட்டது.

2013இல் வெளியான பொருளுணர் பதிப்பிடல் 2.0.0 என்னும் விதித்தொகுதி மூன்று இலக்கங்களால் இச்சிக்கலை ஒழுங்குபடுத்த முயன்றது. இசைவை முறிக்கும் மாற்றத்துக்கு முதலிலக்கமும், இசைவான புதுவசதிக்கு இரண்டாம் இலக்கமும், இசைவான பிழைதிருத்தத்துக்கு மூன்றாம் இலக்கமும் உயரும். ஆயினும், இசைவு முறிந்ததா என்பதை நிர்ணயிப்பவர் ஆக்கியோரே. நூலகமாயின் பயனர் பழைய பிரதியையே வைத்திருக்கலாம். வலையமைப்பினூடாக வழங்கப்படும் சேவையோ வழங்குநரின் கணினியில் இயங்குவது. அங்கு செய்யும் மாற்றம் அனைவரையும் ஒருங்கே தாக்கும். எனவேதான் கொடுப்பனவுச் சேவை நிறுவனமான ஸ்ரைப், 2017இல் விளக்கிய தன் முறையில், ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அவர் முதன்முதலிற் சேவையை நாடியபோதிருந்த பதிப்போடு பிணைத்தது. உள்ளியக்கம் புதியதாயிருக்க, விடை மட்டும் பழைய வடிவுக்கு மாற்றப்பட்டு அவருக்கு அனுப்பப்பட்டது.

பயனர் கண்ட நடத்தை அனைத்தும் உடன்பாடாயின் எந்த முன்னேற்றமும் இயலாதே என்பர். அது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. பழையதைப் பேணுவதற்கும் உழைப்பு வேண்டும். ஆயினும் மேற்காட்டிய வரலாறு ஓர் அளவுகோலைத் தருகின்றது. உள்ளே எவ்வளவு மாறியது என்பதன்று, வெளியே நின்று சார்ந்திருப்பவருக்கு எது மாறியது என்பதே பதிப்பை நிர்ணயிக்கவேண்டும். அவ்வாறு மாறுமிடத்துப் புதிய பெயரிட்டு, பழையதற்கும் தக்க கால அவகாசம் அளித்தல் முறையாகும். பயனருக்கு உள்ளியக்கம் தெரியாது. அதனை மாற்றும் அதிகாரமும் இல்லை. அவ்விரண்டும் எவரிடம் உள்ளனவோ, மாற்றத்தின் சுமையிற் பெரும்பங்கும் அவரையே சாரவேண்டும்.