பட்டறையில் செய்யாத பாகம்

இணையத்தில் தேடினால் ஒரு பழைய ரேஸ் வீடியோ கிடைக்கும். 1992ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள டேடோனா பந்தயத் தடம். இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கான போட்டி. பெயர்பெற்ற ரேஸ் டீம் ஒன்று தயார் செய்த டுகாட்டியில் கனடாக்காரர் பாஸ்கல் பிகாட். அவரோடு மல்லுக்கு நிற்பது நீலமும் இளஞ்சிவப்பும் பூசிய ஒரு விசித்திர வண்டி. அதை ஓட்டுபவர் நியூசிலாந்தின் ஆண்ட்ரூ ஸ்ட்ரவுட். ஒரு வளைவை விட்டு வெளியே வரும்போது அந்த நீல வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே டுகாட்டியைக் கடந்து போகிறது.

போட்டி முடியப்போகிற நேரத்தில் அதே வண்டி நின்றுவிடுகிறது.

நான் இதை முதலில் பார்த்தது கல்லூரி ஹாஸ்டலில். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. "இது கம்பெனி வண்டி இல்லடா. ஒரு ஆளு வீட்டுப் பட்டறையில செஞ்சது. எஞ்சினும் சேர்த்து" என்றார் சீனியர். "சும்மா அடிச்சு விடாதீங்கண்ணா" என்றேன். எங்கள் மெஷின் ஷாப்பில் ஒரு இரும்புக் கட்டியைச் சதுரமாக ராவி முடிக்கவே எனக்கு இரண்டு வகுப்பு பிடித்தது. வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் சிசி எஞ்சினா?

அவர் அடித்து விடவில்லை. அந்த ஆளின் பெயர் ஜான் பிரிட்டன். வண்டியின் பெயர் பிரிட்டன் வி1000.

*

பிரிட்டன் 1950இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தவர். டிஸ்லெக்ஸியா இருந்ததால் எழுத்தும் வாசிப்பும் அவருக்குப் போராட்டம். பகலில் ஒரு நிறுவனத்தில் வரைவாளர் பயிற்சி, இரவில் வகுப்பு என்று இயந்திரப் பொறியியல் படித்தார். இங்கிலாந்து போய் நெடுஞ்சாலை வடிவமைப்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். ஊர் திரும்பியதும் கண்ணாடி ஊதி அலங்கார விளக்குகள் செய்தார். பிறகு குடும்பத்தின் சொத்து மேம்பாட்டுத் தொழிலில் சேர்ந்தார். பழைய குதிரை லாயம் ஒன்றைத் தன் கையாலேயே வீடாக மாற்றினார்.

இந்தப் பட்டியலில் மோட்டார் சைக்கிள் கம்பெனி எங்கேயும் இல்லை. நம்ம ஊர் உறவினர் யாராவது பார்த்திருந்தால், "ஒரு வேலையிலயும் நிலைக்க மாட்டேங்குறானே" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் உருகிய கண்ணாடியோடு பழகியவருக்குச் சூடும் வளைவும் கையிலேயே தெரியும். வரைபலகையில் உட்கார்ந்தவருக்கு அளவு தெரியும். லாயத்தை வீடாக்கியவருக்கு, தெரியாத வேலையைத் தொடங்கும் தைரியம் வந்துவிடும்.

அவருடைய நாட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உலகத்தின் பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் கடல் தாண்டி இருந்தன. ஒரு பாகம் உடைந்தால் கப்பலில் வரும்வரை காத்திரு, இல்லையென்றால் நீயே செய். அதே தீவின் தென்கோடியில் இன்வர்கார்கில் நகரில் பர்ட் மன்றோ என்ற பெரியவர், 1920ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் வண்டி ஒன்றைத் தன் கொட்டகையில் வைத்துப் பல பத்தாண்டுகள் மாற்றி மாற்றிச் செதுக்கினார். பிஸ்டனைக்கூடத் தானே வார்த்தார். 1967இல் அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில் அந்தக் கிழட்டு வண்டியை மணிக்கு 184 மைல் வேகத்தில் ஓட்டி, ஆயிரம் சிசிக்கு உட்பட்ட பிரிவில் சாதனை படைத்தார். பிரிட்டனின் ஆதர்சங்களில் அவரும் ஒருவர்.

மன்றோவுக்குக் கையில் ஒரு வண்டி இருந்தது, அதை மாற்றினார். பிரிட்டனும் அப்படித்தான் தொடங்கினார். முதலில் டுகாட்டி எஞ்சின், பிறகு நியூசிலாந்திலேயே செய்யப்பட்ட டென்கோ என்ற எஞ்சின். அதைச் சுற்றித் தன் கையால் உடல் கட்டினார். ஆனால் அடுத்தவன் செய்த எஞ்சின் எங்கே நிற்கிறதோ அங்கேயே தன் வண்டியும் நிற்கிறது என்று தெரிந்தபோது, எஞ்சினையும் தானே செய்வது என்று இறங்கினார். 1991இல் அந்தச் சொந்த எஞ்சின் வண்டிகள் டேடோனாவில் இரண்டாவது, மூன்றாவது இடம் பிடித்தன. அதற்கு அடுத்த வருடம் வந்ததுதான் வீடியோவில் நாம் பார்க்கும் வண்டி.

*

அந்த வண்டியை விளக்க வேண்டுமென்றால், சாதாரண பைக்கை மனசுக்குள் ஒருமுறை கழட்டிப் போட வேண்டும்.

சாதாரண பைக்கில் சேஸ் என்று ஒரு எலும்புக்கூடு உண்டு. எஞ்சின் அதில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். பிரிட்டன் வண்டியில் அந்த எலும்புக்கூடு கிடையாது. எஞ்சின்தான் முதுகெலும்பு. முன்பக்கத்தைத் தாங்கும் கார்பன் ஃபைபர் பாகம் எஞ்சின்மேல் உட்கார்ந்திருக்கும். பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங்ஆர்ம், அதுவும் கார்பன் ஃபைபர், எஞ்சினின் பின்னாலேயே மாட்டப்பட்டிருக்கும். சேஸே இல்லையென்றால் அதன் எடையும் இல்லை.

நம் பைக்குகளில் முன்சக்கரத்தை இரண்டு குழாய்கள் பிடித்திருக்கும். முன் பிரேக் அடித்தால் அவை அமுங்கி வண்டி மூக்கால் குனியும். பள்ளத்தைத் தாங்க வேண்டிய ஸ்பிரிங், பிரேக்கின் விசையைத் தாங்குவதிலேயே பாதி செலவாகிவிடும். பிரிட்டன் அந்தக் குழாய்களைத் தூக்கிவிட்டு, கார்பன் ஃபைபரில் ஒரு கர்டர் ஃபோர்க் செய்து, கார்களில் இருப்பது போல மேலும் கீழும் இரண்டு இணைப்புக் கைகளில் மாட்டினார். பிரேக்கின் விசை ஒரு வழியில், பள்ளத்தின் அதிர்வு வேறு வழியில் போகும். எவ்வளவு குனிய வேண்டும் என்பதைக்கூட மாற்றியமைக்கலாம்.

ரேடியேட்டர் எல்லா வண்டியிலும் முன்னால் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். இங்கே அது சீட்டுக்கு அடியில். முன்னாலிருந்து காற்றுக்கு ஒரு பாதை வைத்து உள்ளே கொண்டுபோனார். பின்பக்க ஷாக் அப்சார்பர் எஞ்சினுக்கு முன்னால் போய்விட்டது. இப்படி இடம் மாற மாற வண்டி ஒடுங்கியது. முன்னால் நின்று பார்த்தால் கத்தி மாதிரி.

இதையெல்லாம் எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். வெளி உடலின் வடிவத்தைக் கம்பியை வளைத்து, சூடான பசையால் ஒட்டி, தள்ளி நின்று பார்த்து, பிடிக்காவிட்டால் மறுபடி வளைத்து உருவாக்கினார். சக்கரங்களையும் கார்பன் ஃபைபரில் பட்டறையிலேயே அச்சு வைத்துச் செய்தார்கள். எஞ்சின் பாகங்களைச் சூடாக்கிப் பதப்படுத்த வீட்டிலிருந்த மட்பாண்டச் சூளை பயன்பட்டது. அதே வண்டியில் கணினியால் கட்டுப்படும் எரிபொருள் அமைப்பும், ஓடும்போது தரவைப் பதிவு செய்யும் வசதியும் இருந்தன. சூளையும் கணினியும் ஒரே வண்டிக்கு வேலை செய்தன.

முடிவில் கிடைத்தது 999 சிசி, 60 டிகிரி வி-ட்வின் எஞ்சின். சுமார் 166 குதிரைத்திறன். எடை 138 கிலோ. நாம் ஓட்டும் 150 சிசி பைக் ஒன்றும் கிட்டத்தட்ட இதே எடைதான் இருக்கும். திறன் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

*

இனி டேடோனாவுக்குத் திரும்பலாம்.

போட்டிக்கு முன்தினம் எஞ்சினின் சிலிண்டர் ஸ்லீவ் ஒன்றில் விரிசல் கண்டது. அவர்களே செய்த பாகம். மாற்றுவதற்குக் கடையில் கிடைக்காது. உலகத்தில் வேறு யாரிடமும் கிடையாது. வேறொரு டீமாக இருந்தால் பெட்டி கட்டியிருக்கும். இவர்கள் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, விரிசலை வெல்டிங் செய்து, இரவெல்லாம் கண்விழித்து மறுபடி கோத்தார்கள். போட்டி நேரத்தில் வண்டி தயார்.

அந்த வெல்டிங் தாங்கியது. ஸ்ட்ரவுட் டுகாட்டியோடு மோதினார், முந்தினார். பிறகு வண்டி நின்றது. காரணம் ரெக்டிஃபையர். எஞ்சின் ஓடும்போது உருவாகும் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற விதத்தில் மாற்றித் தரும் சின்னப் பெட்டி. அது செத்ததும் பேட்டரி தீர்ந்தது. பேட்டரி தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்தது. பட்டறையில் செய்யாமல் வெளியே வாங்கிப் போட்ட சில பாகங்களில் அதுவும் ஒன்று.

வேடிக்கையான கதையாகத்தான் ஹாஸ்டலில் இதைச் சொல்லிச் சிரித்தோம். இப்போது சிரிப்பு வருவதில்லை. பதினோரு வருடமாக மென்பொருள் வேலை பார்க்கிறேன். நான் எழுதும் நிரலில் என்னுடைய வரிகள் கொஞ்சம்தான். மீதி எல்லாம் யாரோ எழுதி வைத்த நூலகங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்து எழுந்து உட்கார்ந்தால், நான் எழுதியது உடைந்திருந்தால் ஒரு நிம்மதி. எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒன்று உடைந்திருந்தால்தான் வயிற்றைப் பிசையும். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதைத் தவிர வழி இருக்காது.

டேடோனாவில் இரண்டு பாகங்கள் கைவிட்டன. தாங்களே செய்தது உடைந்தபோது ஓர் இரவில் சரி செய்தார்கள், ஏனென்றால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். வாங்கியது உடைந்தபோது தள்ளிக்கொண்டு வருவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. பூஜ்யத்திலிருந்து செய்வதன் லாபம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். கையால் செய்த பொருள் உடையாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உடைந்தால் திறந்து பார்க்கலாம்.

அதற்காக எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று பிரிட்டன் அடம்பிடிக்கவில்லை. பிரேக் பிரெம்போ, ஷாக் அப்சார்பர் ஓலின்ஸ். உலகத்தில் நன்றாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டார். தனியாளாகவும் செய்யவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்த நண்பர்கள், வெல்டர்கள், மெஷினிஸ்டுகள் பலரின் உழைப்பு அது. 'கொட்டகையில் தனித்திருந்த மேதை' என்ற கதை நமக்குப் பிடிக்கும். டேடோனாவின் அந்த இரவில் மேதை தனியாக இருந்திருந்தால் காலையில் வண்டி இருந்திருக்காது.

*

பிறகு வெற்றிகள் வந்தன. 1992இலேயே நெதர்லாந்தின் அசென் தடத்தில் முதலிடம். 1993இல் ஆயிரம் சிசிக்கு உட்பட்ட பிரிவில் உலக வேக சாதனைகள். ஓடும் வேகத்தில் ஒரு மைலைக் கடந்தபோது மணிக்கு 302.705 கிலோமீட்டர். 1994இல் எந்த டேடோனாவில் நின்றுபோனதோ அதே டேடோனாவில் முதலிடம். பிரிட்டிஷ், ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகளுக்கான 'பேர்ஸ்' உலகத் தொடரில் 1995இல் முதல் இரண்டு இடங்களும் பிரிட்டன் வண்டிகளுக்கே.

இழப்பும் வந்தது. 1994இல் ஐல் ஆஃப் மேன் டிடி போட்டியின் பயிற்சி ஓட்டத்தில், பிரிட்டன் வண்டியை ஓட்டிய வட அயர்லாந்து வீரர் மார்க் ஃபார்மர் விபத்தில் இறந்தார். வண்டி செய்வதை ரசித்து எழுதும்போது இந்த வரியைத் தாண்டிப் போய்விடக் கை பரபரக்கிறது. தாண்டக் கூடாது. பட்டறையில் வளைத்த ஒவ்வொரு பாகத்தின் மேலும் கடைசியில் ஒரு மனிதன் ஏறி உட்காருகிறான். திறந்து சரி செய்ய முடியாதவையும் இருக்கின்றன.

1995 செப்டம்பர் 5ஆம் தேதி, தோல் புற்றுநோயால் ஜான் பிரிட்டன் இறந்தார். வயது 45. மொத்தம் பத்து வி1000 வண்டிகள்தான் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று வெலிங்டனில் நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகமான தெ பாபாவில் நிற்கிறது. அவர் போன பிறகும் 1996, 1997 இரண்டு வருடமும் டேடோனாவில் ஸ்ட்ரவுட் அதே வண்டியில் ஜெயித்தார்.

*

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆர்எக்ஸ் 100 நிற்கிறது. 1994 மாடல். ஊரடங்கு சமயத்தில் வாங்கினேன். சேஸை வெட்டி, டேங்க்கை மாற்றி, எல்லாவற்றையும் கையாலேயே செய்வதாக மனைவியிடம் பெரிதாகச் சொல்லியிருந்தேன். டேங்க்கும் சீட்டும் தயாராயின. எஞ்சினைப் பிரித்துக் கோத்தேன். ஸ்பார்க் வரவில்லை. கடையில் புது சிடிஐ வாங்கி மாட்டினேன், வரவில்லை. இன்னொன்று வாங்கினேன், வரவில்லை. "அத எங்கண்ணே ரிப்பேர் பண்றது?" என்று தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டேன். "அதெல்லாம் பிரிக்க முடியாது தம்பி, மாத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார். வண்டி மேல் போர்வை விழுந்து மூன்று வருடமாகிறது. மகள் அதன் மேல் பள்ளிப் பையை வைக்கிறாள்.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய வீடியோவை மறுபடி பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. மேக்னெட்டோவிலிருந்து சிடிஐக்குக் கரண்ட் வருகிறதா என்று நான் அளந்தே பார்க்கவில்லை. டேங்க்கைத் தட்டி வடிவம் கொண்டுவர நாற்பது ஞாயிறு செலவழித்தவன், ஒரு காயிலை அளக்கப் பத்து நிமிடம் செலவழிக்கவில்லை. அது என்னுடைய பாகம் இல்லை, வாங்கிய பாகம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

போன ஞாயிறு போர்வையை எடுத்தேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு காயில் முழுக்க அறுந்து கிடக்கிறது. இரண்டு சிடிஐயும் ஒருவேளை நல்லவையாகவே இருந்திருக்கலாம். மோட்டாருக்கு காயில் கட்டும் கடை ஒன்று எங்கள் பகுதியில் இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத நானே சுத்தித் தரேன், ஆனா பக்கத்துல உக்காந்து எத்தன சுத்துன்னு எண்ணணும், முடியுமா?" என்றார்.

முடியும் என்று சொல்லியிருக்கிறேன்.