கல்லறைக் கல் சொன்ன பாடம்

மலருக்கு நம் ஜியாலஜி துறையைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நான் எழுத நினைத்தது, முதலாண்டில் நாம் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்த ஒரு கல்லின் வரலாறு: சார்னோகைட்.

கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதன் பலகைக்கல் நம்ம சென்னைப் பக்கத்திலிருந்து போனது. ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். பரங்கிமலை, பல்லாவரத்தில் கிடக்கும் அதே எண்ணெய்ப் பளபளப்புள்ள கருங்கல்தான். 1900-இல் விரிவான நூல் எழுதி, இது பாறைக்குழம்பு உறைந்து உண்டானது என்றார்.

மற்றவர்கள் விடவில்லை. "ஏற்கெனவே இருந்த பாறை பூமியின் ஆழத்தில் வெந்து மாறியது" என்றார்கள். வாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. 1960-இல் சி.எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்துக் கப்பாளதுர்கத்தில் சாம்பல் நிற நைஸ் பாறைக்குள்ளேயே திட்டுத்திட்டாகச் சார்னோகைட் உருவாகியிருப்பதைக் காட்டி 'நேச்சர்' இதழில் எழுதினார். ஒரே பாறையில் பழசும் புதுசும்! இடத்தைப் பொறுத்து இரண்டு வழியிலும் உண்டாகும் என்பதே இன்றைய கருத்து.

"எதில் ஸ்பெஷலைஸ் பண்ணலாம்?" என்று கேட்கும் மாணவர்களுக்கு இந்த வாதத்திலேயே பதில் இருக்கிறது. ஸ்லைடு தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் ஹைப்பர்ஸ்தீனைத் தேடினால் பெட்ராலஜி. கனிமங்களின் கலவையை அளந்து, எத்தனை டிகிரி வெப்பத்தில், எவ்வளவு ஆழத்தில் பிறந்தது என்று கணக்கிட்டால் ஜியோகெமிஸ்ட்ரியும் கூடவே வரும். படிகத்துக்குள் சிறைப்பட்ட கார்பன் டை ஆக்சைடு துளிகளை ஆராய்வது தனிப் பிரிவு. சிர்க்கானில் யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து வயது சொல்வது இன்னொன்று. சென்னைப் பாறைக்கு ஏறத்தாழ 250 கோடி வயது என்று அவர்கள்தான் சொன்னார்கள். கேள்வி ஒன்று, கருவிகள் பல.

ஆனால் எல்லாரும் முதலில் போக வேண்டிய இடம் ஃபீல்டு. அங்கேதான் என் கவலை. பல்லாவரத்துப் பழைய குவாரிகள் சில தண்ணீர் நிறைந்து கிடக்கின்றன. சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன. எங்கள் பேராசிரியர் சொல்லுவார், "மெஷின் எப்ப வேணா வாங்கிடலாம்ப்பா, மலையை வாங்க முடியாது."

எனவே ஒரு வேண்டுகோள். மிச்சமிருக்கும் பாறை முகப்புகளை இன்றைய மாணவர்கள் படமெடுத்து வரைபடமாக்குங்கள். பழைய மாணவர்களே, வீட்டுப் பரணில் கிடக்கும் சாம்பிள்களை, எடுத்த இடம், ஆண்டு எழுதி, நம் துறை மியூசியத்துக்குக் கொடுங்கள். இடம் தெரியாத கல் வெறும் ஜல்லிதான்.