ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியா வழி ஹைட்ரஜன்

ஊதாநிறப் பாக்டீரியாக்கள் வெயிலின் துணையால் கரிமக் கழிவிலிருந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும் முறை இது. ரோடோஸ்பைரில்லம் ருப்ரம் என்ற பாக்டீரியா வெளிச்சத்தில் ஹைட்ரஜனை வெளியிடுவதை அமெரிக்காவில் ஹோவர்ட் கெஸ்ட், மார்ட்டின் கேமன் இருவரும் 1949இல் அறிவித்தார்கள்.

செடிகளைப்போல இவை தண்ணீரைப் பிளப்பதில்லை, ஆக்சிஜனும் விடுவதில்லை. அசிட்டிக் அமிலம் போன்றவற்றைத் தின்று எலக்ட்ரான்களைப் பெறுகின்றன. ஹைட்ரஜனை உண்டாக்குவது நைட்ரஜனேஸ் நொதி. நைட்ரஜனை அமோனியாவாக்குவதே அதன் வழக்கமான பணி; நைட்ரஜன் கிடைக்காதபோது புரோட்டான்களை ஹைட்ரஜனாக்குகிறது. ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி 4 செலவாகும். அந்த ஆற்றலைத் தருவது வெளிச்சம். கழிவில் அமோனியா மிகுந்தால் நொதி அடங்கிவிடும்.

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது சென்னையிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம். டி.எம். வத்சலாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சாராய ஆலைக் கழிவுநீர் 100 கன மீட்டர் அளவில் பயன்பட்டது. நொதிக்கச் செய்யும் இரண்டு பாக்டீரியாக்களோடு ஊதாநிற ரோடோசூடோமோனாஸ் பாலஸ்ட்ரிஸையும் சேர்த்து வளர்த்தார்கள். 40 மணி நேரத்தில் 21.38 கிலோ ஹைட்ரஜன் கிடைத்தது. வெப்பத்தில் அது ஏறத்தாழ நான்கு சமையல் எரிவாயு சிலிண்டர்களுக்குச் சமம். ஒரு மோல் குளுக்கோஸுக்குச் சராசரியாக 2.76 மோல். கோட்பாட்டளவில் 12 வரை பெறலாம் என்பதால், போகவேண்டிய தூரம் அதிகம். இந்தச் சாராய ஆலைக் கழிவுநீரின் கருநிறம் வெளிச்சத்தை உள்ளே விடாது என்பதே பெரிய முட்டுக்கட்டை.

வெளிச்சத்துக்குக் குறைவில்லாத இடமும் தமிழ்நாட்டில் உண்டு: தீக்குச்சியையும் பட்டாசையும் உலர்த்தித் தரும் விருதுநகர் மாவட்டச் சிவகாசியின் வெயில் இந்தப் பாக்டீரியாக்களுக்கும் ஆற்றல் தரும். ஆனால் இவை 30 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் செழிக்கும். கோடையில் கலனைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும், வறண்ட மாவட்டத்தில் அதுவே அரிது. ஆகவே இங்கே வெயிலை மட்டும் நம்பி ஆலை போடுவது தவறாகும்.

தீப்பொறி ஆபத்து மட்டும் சிவகாசிக்குப் பழகியதே. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்த ஹைட்ரஜன் தீப்பற்றும், 0.02 மில்லிஜூல் பொறியே போதும். வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் நிலத்தொடர்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்கும் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டாசு ஆலைகளைக் கண்காணிக்கும் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் (பெசோ) அதிகாரத்துக்குள்தான் ஹைட்ரஜன் சிலிண்டர்களும் வருகின்றன.