அவைக்குள் ஒருத்தி

முத்துலட்சுமி ரெட்டி என்றதும் என் மாணவிகள் ‘முதல்’ என்ற சொல்லில் தொடங்குவார்கள். சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். 1927இல் அதன் துணைத்தலைவர். எல்லாம் உண்மைதான். ஆனால், அந்த நாற்காலியில் அமர்ந்து அவர் என்ன செய்தார் என்பது இந்தப் பட்டியலில் மறைந்துவிடுகிறது.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சட்டசபைக்குள் அவர் வந்தது வாக்குகளால் அல்ல, நியமனத்தால். வந்ததும் தன் தாயின் சமூகத்துச் சிறுமிகளைப் பற்றிப் பேசினார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தக் கோரிய அவருடைய தீர்மானத்தைப் பலரும் அறிவார்கள். 1929இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோயில் ஊழியத்துக்காகத் தரப்பட்டது இனாம் நிலம். ஊழியத்தை விட்டால் நிலமும் போகும். வயிற்றுப்பாட்டைக் கட்டிப்போட்ட அந்த முடிச்சைத் திருத்தம் அவிழ்த்தது. ஊழியம் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றானது. விடுதலைக்குக் காலூன்ற நிலம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டுகளில் தேவதாசிப் பெண்கள் பலர் அரசுக்கு எதிர் மனுக்கள் அனுப்பினார்கள். முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனமு’வை 1910இல் பதிப்பித்த பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் முன்னின்றவர். தங்களை விலைமகளிரோடு சேர்க்காதீர்கள், கலையும் கல்வியும் சொத்துரிமையும் உள்ளவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வாதம். மறுபக்கம், அதே மரபில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்புக்காக ஊர் ஊராகப் போராடினார். சமூகம் ஒரே குரலில் பேசவில்லை. அவைக்குள் இருந்ததோ ஒரே நாற்காலி.

காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் அவர் பதவி விலகினார். ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் வந்தது. இடையில், விடுதிகள் சேர்க்க மறுத்த தேவதாசிச் சிறுமிகளுக்குத் தன் வீட்டைத் திறந்தார். அதுவே ஔவை இல்லமானது.

“அந்தப் பெண்களைக் கேட்டார்களா மேடம்?” என்றாள் ஒரு மாணவி. கேட்காமலே அவர்கள் எழுதினார்கள் என்றேன். சட்டசபை உரைகளைப் படிக்கும் நாம் அந்த மனுக்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். முத்துலட்சுமியின் பெருமை அதனால் குறையாது. எத்தனை பெண்களின் பாரம் அந்த ஒற்றை நாற்காலியின்மேல் இருந்தது என்பது அப்போதுதான் நமக்குப் புரியும்.