ஆன்டிஜெனா, ஈரலா? நாள்பட்ட ஹெபடைடிஸ் பி சிகிச்சையின் அளவுகோல் பற்றி

1988இல் லான்செட் இதழில் சென்னையிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வெளியானது. எஸ்.பி. தியாகராஜன் முதலானோர் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்குடன் இணைந்து எழுதியது அது. நாள்பட்ட தொற்றுள்ள 37 பேருக்கு ஒரு மாதம் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. போலிமருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது. பின்னாளில் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் இந்தப் பலன் கிட்டவில்லை. கீழாநெல்லி பற்றிய வழக்கு அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. ஆனால் அந்த ஆய்வு கையாண்ட அளவுகோல், அதாவது ஆன்டிஜென் போய்விட்டதா என்ற ஒற்றைக் கேள்வி, இன்றும் நம் நோயாளிகளையும் மருத்துவர் பலரையும் ஆள்கிறது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி சிகிச்சையை அளக்க அது பொருந்தாத கோல் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணம் வைரஸின் வாழ்முறையில் இருக்கிறது. ஈரல் செல்லின் உட்கருவுக்குள் அதன் மரபுப்பொருள் மூடிய வட்ட டி.என்.ஏ.வாகத் தங்கிவிடுகிறது. இன்று முதல்நிலை மருந்துகளான டெனோஃபோவிரும் என்டெகாவிரும் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் கட்டத்தைத் தடுக்கின்றன. உட்கருவில் இருக்கும் வட்டத்தைத் தொடுவதில்லை. அந்த வட்டமும், மனித டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொண்ட வைரஸ் துண்டுகளும் ஆன்டிஜெனை ஆக்கிக்கொண்டே இருக்கும். எனவே வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு விழுந்த பின்னும் ஆன்டிஜென் சோதனை ‘பாசிட்டிவ்’ என்றே வரும். மாத்திரை உண்பவர்களில் ஆண்டுக்குச் சுமார் நூற்றில் ஒருவருக்குத்தான் அது மறைகிறது. இந்தக் கோலால் அளந்தால் உலகின் மிகச் சிறந்த மருந்தும் தோற்றுவிட்டதாகவே தோன்றும்.

ஈரலைக் கொண்டு அளந்தால் காட்சி வேறு. 2013இல் பத்ரிக் மார்செலின் குழு வெளியிட்ட ஆய்வில், டெனோஃபோவிர் தொடங்குமுன்பும் ஐந்தாண்டு கழித்தும் ஈரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகும் நிலை) இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாம் ஆண்டில் அது இல்லை. சிரோசிஸ் திரும்பாத பாதை என்று ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அந்தப் பாடத்தைத் திருத்தி எழுதவைத்த சான்றுகளுள் இது முக்கியமானது. ஈரல் புற்றுநோயின் வாய்ப்பும் சிகிச்சையால் குறைகிறது, அடியோடு ஒழிவதில்லை. அதனால் சிரோசிஸ் உள்ளவர்களுக்கு மாத்திரையோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் தொடர வேண்டும்.

எப்போது தொடங்குவது என்ற கேள்வியிலும் பழைய கோலின் நிழல் உண்டு. ‘குணமாகாத நோய்க்கு ஏன் முன்கூட்டியே மருந்து?’ என்ற தயக்கம், பக்க விளைவுகள் மிகுந்த இன்டர்ஃபெரானும், ஐந்தாண்டில் பெரும்பாலோரிடம் வைரஸுக்கு எதிர்ப்புத்தன்மை உண்டாக்கிய லாமிவுடினும் மட்டுமே இருந்த காலத்தில் நியாயமானது. டெனோஃபோவிரிடம் அந்த எதிர்ப்புத்தன்மைக் குறை ஏறக்குறைய இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சிரோசிஸ் இல்லாத, 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஈரல் நொதியான ஏ.எல்.டி. தொடர்ந்து உயர்ந்து, வைரல் லோடு மில்லிலிட்டருக்கு 20,000 ஐ.யு.வுக்கு மேல் இருந்தால் சிகிச்சை என்றது. 2024இல் அந்த வரம்பை 2,000 ஆகத் தாழ்த்தியது. ஏ.எல்.டி.யின் இயல்பு எல்லையையும் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று வைத்தது. நம் ஆய்வகங்களின் தாளில் 40க்கு மேலும் ‘நார்மல்’ என்று அச்சாகிறது. ‘எல்.எஃப்.டி. (ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை) நார்மல், ஆறு மாதம் கழித்து வாங்க’ என்று அனுப்பப்படுபவர்களில் சிலருக்கு இன்றைய வரையறைப்படி சிகிச்சை உரியது.

வரம்பை இப்படித் தாழ்த்துவதற்கு வலுவான மறுப்பும் உண்டு. உடலில் எந்தத் தொந்தரவும் உணராத பெருந்தொகையான மக்களை ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்ணச் சொல்கிறோம். இடையில் நிறுத்தினால் வைரஸ் மீண்டெழுந்து கடும் ஈரல் அழற்சியை உண்டாக்கலாம். சிரோசிஸ் உள்ளவருக்கு அது உயிருக்கே உலை வைக்கும். டெனோஃபோவிரின் பழைய வடிவத்தை உண்பவர்களின் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். கண்காணிப்பு இல்லாத ஊரில் வரம்பைத் தாழ்த்துவது தொடங்கிவிட்டுக் கைவிடுவதாக முடியும் என்பது மெய்யான அச்சம். ஆனால் அந்த அச்சம் தொடர் கவனிப்பை வலுப்படுத்துவதற்கான காரணமே தவிர, சிகிச்சையை மறுப்பதற்கானது அன்று. 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்து இலவசம். மாத்திரையைத் தருவதைவிட, அதை உண்பவரை ஆண்டுகள்தோறும் திரும்ப வரவைப்பதே கடினமான வேலை.

அந்த வேலையைக் கெடுப்பதில் சமூகத்துக்கும் பங்குண்டு. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் மருத்துவப் பரிசோதனையில் ஆன்டிஜென் ‘பாசிட்டிவ்’ என்றால் தகுதியில்லை. வைரல் லோடு என்ன, ஈரல் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. அங்கே நிராகரிக்கப்பட்ட இளைஞருக்கு ‘வைரஸ் அடங்கியிருக்கிறது’ என்ற மருத்துவரின் நற்செய்தியால் ஒரு பயனும் இல்லை. ‘நெகட்டிவ் ஆக்கித் தருகிறோம்’ என்பவரை அவர் தேடிப் போவதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அப்படிப் போகும்போது தேவையான மாத்திரை நின்றுபோகவும் கூடும்.

ஆன்டிஜென் சோதனை மிகுந்த பயன் தரும் இடம் ஒன்று உண்டு: கர்ப்பகாலம். பிறப்பின்போது தொற்றுபவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினருக்கு அது நாள்பட்டதாகிறது. வளர்ந்தபின் தொற்றினால் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. தாய்க்குத் தொற்று தெரிந்து, வைரல் லோடு இரண்டு லட்சத்தைத் தாண்டினால், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் டெனோஃபோவிர் கொடுத்து, குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் தொற்று கடப்பதில்லை. ஆனால் பேறுகாலம் முடிந்ததும் அந்தத் தாயின் கோப்பு மூடப்படுவதுதான் வழக்கமாக இருக்கிறது. குழந்தைக்காக எடுத்த அதே வைரல் லோடு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய ஈரலுக்காக இன்னொரு தேதி குறித்துக் கொடுப்பதற்குப் புதிய மருந்து எதுவும் தேவையில்லை.