ஆள் கணக்கும் குடிக் கணக்கும்

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கணக்கு என்பது புதிய செய்தி அல்ல. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு எண்ணுவார்கள். வெட்டிய மரத்தை எண்ணுவார்கள். பாலை நிறுத்துக் குறிப்பார்கள். மாதக் கடைசியில் கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயரை எண்ணுவார். "இன்றைக்கு எத்தனை ஆள்?" என்பதுதான் அந்தக் கணக்கின் கேள்வி. வேலைக்கு வந்தவர் ஆள். வராதவர் அன்றைய கணக்கில் இல்லை.

அரசாங்கம் பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள் தொகைக் கணக்கு வேறு வகையானது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையையும் திண்ணையில் படுத்திருக்கும் பாட்டியையும் அது ஒன்றுபோல எண்ணும். இதைக் குடிக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். சிலாங்கூர் மாநிலத்தின் பழைய குடிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தால், ஆட்களாக வந்தவர்கள் குடிகளாக மாறிய வரலாறு அந்த எண்களுக்குள்ளேயே இருக்கக் காணலாம். இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1874-ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்ட் சிலாங்கூருக்கு வந்தபோது, கிள்ளான் போரால் நாடு நொந்து போயிருந்தது. கடலோரத்திலும் ஆற்றங்கரைகளிலும் மலாய்க் கம்பங்கள் இருந்தன. அவற்றில் பூகிஸ், மினாங்கபாவ், மண்டைலிங் வழியினரும் வாழ்ந்தனர். உள்ளே ஈயச் சுரங்கங்களில் சீனர்கள் இருந்தனர். இவர்கள் எல்லாருக்கும் முன்பே தெமுவான், மா மெரி போன்ற பழங்குடியினர் காட்டோரத்திலும் கேரித் தீவிலும் வாழ்ந்து வந்தனர். 1891-இல் முதன்முதலாக முறையான கணக்கு எடுத்தார்கள். அப்போது மாநிலம் முழுவதிலும் இருந்தவர்கள் 81,592 பேர். பத்தே ஆண்டில், 1901-இல், அது 168,789 ஆயிற்று. இரட்டிப்புக்கும் மேல்! தாய்மார்கள் பெற்றெடுத்துப் பெருகிய தொகை அன்று இது. கப்பல் கொண்டுவந்து இறக்கிய தொகை.

அது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதே 1901-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண்கள் 136,823, பெண்கள் 31,966. ஐந்து பேரை வரிசையில் நிறுத்தினால் நான்கு பேர் ஆண்கள். மலாய்க் கம்பங்கள் நிறைந்த பேராக்கில் அதே ஆண்டில் ஆண்கள் பெண்களைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். சிலாங்கூரிலோ நான்கு மடங்கையும் தாண்டியது. ஊர் என்று சொல்வதைவிட, பெரிய வேலைத்தளம் என்று சொல்வதே பொருந்தும். மூன்றில் இரண்டு பங்கு சீனர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஈயம் எடுக்க வந்த தனி ஆண்கள். தமிழரும் பிற இந்தியரும் ஏறத்தாழ 17,000 பேர்தான்.

பிறகு ரப்பர் வந்தது. காப்பி விலை வீழ்ந்து நொடித்திருந்த துரைமார்கள் காப்பிச் செடிகளுக்கு இடையே ரப்பர் நட்டார்கள். 1907-இல் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவருவதற்கென்றே தனி நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி தன் ஊருக்கே போய்ச் சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்துவரும் முறை ஓங்கியது. ஆள் வேலைக்கு வந்தால் கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் படுத்துவிட்டால் காசு இல்லை. 1911-ஆம் ஆண்டுக் கணக்கில் சிலாங்கூர் இந்தியர் தொகை எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பத்து ஆண்டில் நான்கு மடங்குக்கு மேல்.

ஆனால் அத்தனை பேரும் இங்கே தங்கி வேர்விட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வந்தவர்களில் பலர் இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்பினார்கள். பலர் திரும்பவே இல்லை, காய்ச்சலில் போனார்கள். கிள்ளான் வட்டாரத்தில் மலேரியாவின் கொடுமையை நம் முன்னோர் நன்றாக அறிவார்கள். 1901-இல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் கொசுவைக் குறைத்தார். நகரத்திலும் புதிய துறைமுகத்திலும் காய்ச்சல் தணிந்தது. அதே வழியைப் பிறகு தோட்டங்களிலும் செய்து பார்த்தார். கடலோரத் தட்டு நிலத்தில் பலன் கிடைத்தது. மேட்டு நிலத் தோட்டங்களில் காட்டை அழித்ததும் காய்ச்சல் ஏறியது. காரணம், காட்டு நிழலில் வளரும் கொசு வேறு, வெயில் படும் மலை ஓடையில் வளரும் கொசு வேறு. இதை அவர் பொறுமையாகக் கண்டறிந்தார். மருத்துவ வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் செய்தி இது. எனக்கோ இது மக்கள் தொகை வரலாறாகவே படுகிறது. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதானே ஒருவன் மனைவியை அழைத்துவரத் துணிவான்?

பெண்கள் வரத் தொடங்கியதற்குத் தோட்ட நிர்வாகங்களின் கணக்கும் ஒரு காரணம். குடும்பத்தோடு இருப்பவன் அவ்வளவு எளிதில் வேறு தோட்டத்துக்கு ஓடமாட்டான்; மனைவியும் மரம் வெட்டுவாள், புல் வெட்டுவாள்; அவளுக்குக் கூலியும் குறைவு. 1928-இல் சிலாங்கூர் போன்ற இடங்களுக்கு நாள் கூலி நிர்ணயம் செய்தபோது ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்தார்கள். அந்தப் பத்துக் காசு வித்தியாசத்தைப் பற்றி நம் பாட்டிமார்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. அதற்கு முன்பே, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னது. பள்ளிக்கூடம் வந்துவிட்டது என்றால் அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பொருள். பிள்ளைகள் இருந்தால் தாய்மார் இருக்கிறார்கள். வரவுப் பதிவேடு என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு தொல்லைதான்; ஆனாலும் அது தோட்டத்தின் முதல் குடிக் கணக்கு என்பதை மறுக்க முடியாது.

இருந்தும் 1931-ஆம் ஆண்டுக் கணக்கில், மலாயா இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. இந்நாட்டில் பிறந்தவர் ஐந்தில் ஒருவர்தான். அந்த ஆண்டுகளில் ரப்பர் விலை அதலபாதாளத்தில் விழுந்தது. தேவையில்லை என்று பல்லாயிரம் பேரை அரசாங்கச் செலவிலேயே கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறினால் வா, இறங்கினால் போ. ஆள் கணக்கின் முழு வடிவத்தை அந்த ஆண்டுகளில் பார்க்கலாம்.

அந்தப் போக்குவரத்து 1938-இல் நின்றது. கூலி தொடர்பான தகராறில், உதவிப் பயணத்தில் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தடை செய்தது. துரைமார்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதன் விளைவு யாரும் எதிர்பாராதது. புதிய தனி ஆண்களின் வரவு நின்றதால், இனி இந்தியர் தொகை பெருகுவதென்றால் இங்கே பிறப்பவர்களால்தான் பெருக வேண்டும் என்றாயிற்று. நம் சமூகம் இந்த மண்ணில் காலூன்றியதற்கு, திட்டமிட்டுச் செய்த நல்ல காரியங்களைவிட இந்தத் தடையே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இடையில் போர் வந்தது. 1941-இல் எடுக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. 1947-இல் மீண்டும் எண்ணியபோது, மலாயா இந்தியர் தொகை 1931-இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. பதினாறு ஆண்டு கழித்து ஒரு சமூகம் முன்னைவிடச் சிறுத்துப் போயிருந்தது. எஞ்சியவர்களில் பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள். 1957-இல் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்கியது. ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் எழுநூறுக்கு மேல் என்றாயிற்று. அவ்வாண்டில் சிலாங்கூர் மக்கள் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டி 1,012,929 ஆக நின்றது. அதில் ஐந்தில் ஒருவர் இந்தியர்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பழைய கணக்குகளில் உள்ள இனப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழர், தெலுங்கர், மலையாளிகள், பஞ்சாபியர் எல்லாரும் 'இந்தியர்' என்ற ஒரே கூடையில் போனார்கள். கோல லங்காட், சபாக் பெர்ணம் கடலோரத்தில் வாய்க்கால் வெட்டிக் குடியேறிய ஜாவானியரும் பஞ்சாரியரும் முன்னாளில் தனித்தனியாக எண்ணப்பட்டார்கள். பின்னாளில் மலாய்க்காரர் என்ற பிரிவில் சேர்ந்தார்கள். எல்லைகளும் மாறின. 1970-இல் பதினாறு இலட்சத்துக்கு மேல் இருந்த மாநிலம் 1980-இல் பதினைந்து இலட்சம் அளவுக்கு இறங்கியது. மக்கள் எங்கும் ஓடவில்லை. 1974-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்துபோனதுதான் காரணம்.

குடிக் கணக்கில் வந்தவர் அனைவரும் குடிமக்கள் ஆகிவிட்டார்களா? இல்லை. தோட்டத்து மக்களுக்கு வலித்த இடம் இதுதான். சுதந்திர நாளிலும் அதற்குப் பின்னும் இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தானாகவே வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களும், வெளியிலிருந்து வந்தவர்களும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இங்கே பிறந்தவர்களுக்கு, மலாய்மொழித் தேர்வு இல்லாமலேயே பதிந்துகொள்ள ஓர் ஆண்டுக் காலம் தந்தார்கள். மரம் வெட்டும் நேரத்தை விட்டுப் பட்டணத்து அலுவலகத்துக்குப் போவது என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. பலர் விட்டுவிட்டார்கள். 1962-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றிருக்க வேண்டும் என்றாயிற்று. 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டி வந்தது. நாற்பது ஆண்டு பால் எடுத்தவர்கள் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு, தெரியாத ஊராகிவிட்ட தங்கள் பிறந்த ஊருக்குக் கப்பலேறினார்கள்.

பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் சிலரிடம் 'சூராட் பெரானாக்' கேட்டால், இன்றும் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன். பேரனுக்குப் பத்திரம் இல்லை. மகளின் திருமணம் பதியவில்லை. பாட்டியின் அடையாள அட்டை சிவப்பு. மூன்று தலைமுறைக் கதை ஒரு மேசையின்மேல் வந்து விழும். வீட்டில் பழைய பெட்டிகளில் கப்பல் சீட்டோ, தோட்டத்துப் பிறப்புச் சீட்டோ, பழைய சம்பளச் சீட்டோ இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிள்ளை பிறந்ததும் கால தாமதமின்றிப் பதிந்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே கண்ணால் கண்டிருப்பீர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். இந்நாட்டில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்ட இடம், 1917-இல், கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம்தான். செம்பனைக்கு ரப்பரைவிடக் குறைந்த ஆட்களே போதும். லயங்கள் காலியாயின. மற்ற தோட்டங்கள் பட்டணங்களாயின. பெட்டாலிங் ஜெயா எஃபிங்ஹாம் தோட்டத்தில் எழுந்தது. 1978-இல் மாநிலத் தலைநகரான ஷா ஆலம், சுங்கை ரெங்கம் தோட்டத்தில் எழுந்தது. சுபாங் ஜெயாவுக்கு இடம் தந்தது சீஃபீல்டு தோட்டம். 2001-இல் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்ட புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டத்தின் மண்.

2020-ஆம் ஆண்டுக் கணக்கில் சிலாங்கூர் மக்கள் ஏறத்தாழ 70 இலட்சம். மலேசியரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்த ஒரு மாநிலத்தில். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நகர்ப்புறவாசிகள். இந்தியர்கள் தொகையில் மற்ற மாநிலங்களைவிட இங்கேதான் அதிகம். விகிதத்திலோ, ஐந்தில் ஒருவராக இருந்தவர்கள் பத்தில் ஒருவர் என்ற அளவை நெருங்கிவிட்டார்கள். பட்டணத்தில் குடியேறிய பிள்ளைகள் பெற்றுக்கொள்வதும் குறைவு. பாட்டிக்கு எட்டு, அம்மாவுக்கு நான்கு, மகளுக்கு இரண்டு என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

அதே 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் இன்னோர் எண் இருக்கிறது. நாடு முழுவதிலும் நூறு பெண்களுக்கு 110 ஆண்கள். குடிமக்களை மட்டும் எடுத்தால் இந்த இடைவெளி மிகவும் குறைவு. வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சேர்த்தால்தான் இவ்வளவு வருகிறது. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். செம்பனைத் தோட்டங்களில் நம்மவர்கள் விட்டுவந்த வேலையை அவர்களில் பலர் செய்கிறார்கள். காலையில் அவர்களையும் பெயர் கூப்பிட்டு எண்ணுகிறார்கள். அவர்களுடைய வேலை அனுமதியில் மனைவி மக்களை அழைத்துவர இடமில்லை. இங்கே திருமணம் செய்துகொள்ளவும் இடமில்லை.