தவளைத் தோலும் தாத்தாவின் கால் புண்ணும்

ஊருக்கு வந்து ரெண்டு நாளாச்சு. கல்லங்குறிச்சியில ஒரு மழை விட்டாப் போதும், ராத்திரி பூரா தவளைக் கச்சேரிதான். முன்னெல்லாம் தூக்கம் கெடுதேன்னு திட்டுவேன். இப்போ கொஞ்சம் மரியாதை வந்திருக்கு. ஏன்னு சொல்றேன்.

தாத்தாவுக்குச் சர்க்கரை. செருப்பில்லாம பெருமாள் கோவிலுக்கு நடந்தப்போ கால்ல கல்லு குத்தி, அது புண்ணாகி, ஆறவே இல்லை. மாத்திரையை மாத்தி மாத்திக் குடுத்தும் கேக்கல. கடைசியா சீழ் எடுத்து கல்ச்சர் டெஸ்ட் பண்ணாங்க. ரிப்போர்ட்ல வரிசையா எந்த ஆண்டிபயாடிக்கும் கேட்காதுன்னு இருந்தது. கொலிஸ்டின்னு ஒண்ணுதான் மிச்சம். ஊசி போட்டாங்க. தாத்தா பிழைச்சிட்டார், ரெண்டு விரல் போச்சு.

பொட்டி தட்டுறவன் கையில புதுப் பேர் ஒண்ணு கிடைச்சா சும்மா இருப்பானா? தேடினேன்.

கொலிஸ்டின் ஒரு பெப்டைட். அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலி. 1940களின் கடைசியில் ஜப்பானில், ஒரு பாக்டீரியாவிடமிருந்தே எடுத்தார்கள். கிருமியின் மேல்சவ்வில் எதிர் மின்னூட்டம், இந்தச் சங்கிலியில் நேர் மின்னூட்டம். ஒட்டிக்கிட்டு சவ்வையே கிழிச்சிடும். ஆனா சிறுநீரகத்துக்குக் கெடுதல்னு 1970களில் ஓரங்கட்டிட்டாங்க.

இதே ஆயுதம் தவளைகிட்டேயும் இருக்கு! அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப்னு ஒரு மருத்துவ விஞ்ஞானி ஆப்பிரிக்கத் தவளைகளுக்கு ஆபரேஷன் பண்ணி, தையல் போட்டு, அழுக்குத் தண்ணித் தொட்டியில விடுவார். ஒண்ணுக்கும் சீழ் பிடிக்கல. ஏன்னு யோசிச்சவர் தோலில் 23 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடைக் கண்டுபிடித்து, 1987-ல் வெளியிட்டார். கேடயம்னு அர்த்தம் வர்ற ஹீப்ரு சொல்லிலிருந்து மகைனின் என்று பெயர் வைத்தார்.

அதை மாத்தி பெக்சிகனான்னு ஒரு களிம்பு செஞ்சாங்க. எதுக்குத் தெரியுமா? சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு! 1999-ல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி மறுத்துவிட்டது. இருக்கிற மாத்திரையை விட இது ஒண்ணும் மேல் இல்லையாம். அந்த மாதிரி மாத்திரைகள்தான் தாத்தாவுக்குக் கேட்கலை. சரி, இப்பவாவது வருமான்னு பார்த்தா, 2016 சோதனையிலும் களிம்பு தேறலை. தவளைக்கு வேலை செய்யறது நமக்கும் செய்யணும்னு கட்டாயம் இல்லையே.

இனி நம்ம சென்னைக் கதை. 2010-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை, லான்செட் குழும இதழில் வந்து உலகையே கலக்கியது. என்டிஎம்-1 என்கிற மரபணு கொண்ட கிருமிகள், சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில். பெயரில் டெல்லி இருக்கேன்னு நம்மூரில் ஒரே சண்டை. அந்தச் சத்தத்தில் முக்கியமான வரி அமுங்கிப் போச்சு: அந்தக் கிருமிகளுக்குப் பெரும்பாலும் கேட்டது ரெண்டே மருந்து. அதில் ஒண்ணு, ஓரங்கட்டப்பட்ட அதே கொலிஸ்டின்.

கடைசி ஆயுதத்தை என்ன பண்ணினோம்? கோழிக்குத் தீவனத்தில் கலந்து போட்டோம், சீக்கிரம் கொழுக்கணும்னு. 2015-ல் சீனாவில், பன்றியிலும் கோழி இறைச்சியிலும் நோயாளிகளிடமும், கொலிஸ்டினுக்கே அடங்காத மரபணு கிடைத்தது. அதுவும் ஒரு கிருமியிலிருந்து இன்னொண்ணுக்குத் தாவக்கூடியது. இந்தியா 2019 ஜூலையில்தான் கால்நடைகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது.

2017-ல் கேரளத் தவளை ஒன்றின் தோலில் ஃப்ளூ வைரஸைக் கொல்லும் பெப்டைட் கிடைத்தது. உருமி வாளின் நினைவாக உருமின் என்று பெயர். சந்தோஷம்தான். ஆனா எனக்குத் தோணுறது இதுதான்: தவளை தன் ஆயுதத்தைக் காயம் பட்டா எடுக்குது. நாம சளிக்கும் எடுக்கறோம், கோழிக்கும் போடறோம். இந்தப் புத்தி மாறாம புது மருந்து வந்தாலும் எத்தனை நாளுக்கு?

தாத்தா இப்போ செருப்பு போட்டுக்கிட்டுத்தான் கோவில் வாசல் வரைக்கும் போறார். வெளியே கச்சேரி ஆரம்பிச்சாச்சு. நடக்கட்டும் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. புண் ஆறலைன்னா தவளையைத் தேடாம டாக்டரைப் பாருங்க.